ரூஸ்வெல்ட்ட "மரப்படை" காம்ப்ல இருந்த பொடியன்மார்ட வாழ்க்கை உண்மையில எப்படி? (பிரேரணை ஒண்டுக்காக கேக்கிறன்)

படுவான்கரைப்பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம், நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்கட இளைஞர் கழகத்தால பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரேரணை எழுதிக் குடுக்கப் போறம், ஓஎல்லோட நிண்டு போய் வயல் வேலையும் இல்லாத சீசன்ல சும்மா சந்தியில இருக்கிற பொடியன்மாரை ஒரு ஆறு மாசம் ஒரு இடத்தில வைச்சு சாப்பாடு சம்பளம் குடுத்து குளக்கட்டு திருத்துறது, வாய்க்கால் வெட்டுறது, வாவிக்கரையில கண்ணா (அலையாத்தி மரம்) நடுறது, இப்பிடி. கழக ஆலோசகர் சேர்தான் சொன்னார் இது புதுசு ஒண்டும் இல்ல, 1930கள்ல அமெரிக்காவில பஞ்சம் மாதிரி வந்த நேரம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதத்தான் செஞ்சவர், சிசிசி (சிவிலியன் கொன்சர்வேசன் கோர்ப்ஸ்) எண்டு பேர், மரப்படை எண்டும் சொல்லுவாங்களாம், அத முன்னுரையில போடு எண்டு. நெட்ல தேடினா எத்தின கோடி மரம் நட்டாங்க எத்தின பாலம் கட்டினாங்க எண்டுதான் வருது. எனக்கு அது தேவையில்ல. உள்ளுக்குள்ள இருந்தவன் காலையில எழும்பி என்ன செஞ்சான், என்னத்த திண்டான், காசு எப்பிடி கைக்கு வந்தது, ஓடிப் போனவனை என்ன செஞ்சாங்க, அதுதான் வேணும். இன்னொண்டு, காம்பை நடத்தினது ஆமி எண்டு ஒரு இடத்தில கிடக்கு, அது உண்மையா? உண்மையெண்டா அந்த வரிய நான் பிரேரணையில போடவே மாட்டன், ஆமி காம்ப் எண்டு கேட்டா இஞ்ச அம்மாமார் படலையைப் பூட்டிருவாங்க.

வரலாறுடீச்சர்:

தம்பி, நல்ல கேள்வி. நான் மட்டக்களப்பு டவுன்ல ஏஎல் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிற ஆள், 1929 பொருளாதார வீழ்ச்சி படிப்பிக்கேக்க இதை ஒரு அரை மணித்தியாலம் கூடவே இழுப்பன், அதால எழுதுறன், கொஞ்சம் நீளும்.

1933 மார்ச் 4 ரூஸ்வெல்ட் பதவி ஏத்தவர். நாட்டில நாலு பேருக்கு ஒருத்தருக்கு வேலை இல்ல. மார்ச் 31 சட்டத்தில கையெழுத்து, ஏப்ரல் 17 வேர்ஜினியா காட்டுக்குள்ள முதல் காம்ப் திறந்தாச்சு, ஜூலைக்குள்ள ரெண்டரை லட்சத்துக்கு மேல பொடியன்மார் காம்ப்ல. இந்த வேகம் வரக் காரணம்தான் நீங்க பயப்பிடுற விசயம். அவ்வளவு பேருக்கு கூடாரம், கட்டில், கோச்சி (ரயில்), சமையல் எல்லாம் உடன ஏற்பாடு செய்யக்கூடிய ஆக்கள் அந்த நாட்டில ஆமி மட்டும்தான் இருந்தாங்க. ஆளை எடுக்கிறது தொழில் திணைக்களம், காம்பை நடத்துறது ஆமி, பகல் வேலைக்கு பொறுப்பு காடு மண் தெரிஞ்ச ஆக்கள், அதாவது விவசாயத் திணைக்களமும் உள்நாட்டுத் திணைக்களமும். காலையில சாப்பிட்டு வேலைக்கு லொறி ஏறினா காட்டு அதிகாரிட ஆள், பின்னேரம் காம்புக்குள்ள வந்தா ஆமிக்காரன்ட ஆள். ஆனா துவக்குப் பயிற்சி குடுக்கல்ல. அங்கயும் தொழிற்சங்கக்காரர் இது பொடியன்மாரை சிப்பாயாக்கிற வேலை, நாளைக்கு ஒரு டொலர் குடுத்து எல்லார்ட கூலியையும் இறக்கிற வேலை எண்டு கத்தினவங்க. அவங்கட வாயை அடைக்கத்தான் ரூஸ்வெல்ட் இதுக்கு பணிப்பாளரா ஒரு தொழிற்சங்கத் தலைவரையே போட்டவர், ரொபர்ட் ஃபெக்னர் எண்டு, 1939 கடைசியில சாகும் வரைக்கும் அந்தாள்தான்.

இனி பொடியன்ட கதை. தொடங்கேக்க வயசு 18 தொடக்கம் 25, மறுகா 17 வரைக்கும் இறக்கினாங்க. கல்யாணம் கட்டியிருக்கக் கூடாது, வேலை இருக்கக் கூடாது, வீடு நிவாரணம் எடுக்கிற வீடா இருக்கோணும். எங்கட பழைய சமுர்த்தி நிவாரண லிஸ்ட் மாதிரி ஒண்டு எண்டு வையுங்களன். எடுபட்டா முதல்ல வைத்திய பரிசோதனை, அம்மை தைபோயிட் ஊசி, உலக யுத்தத்தில மிஞ்சின உடுப்பு சப்பாத்து, அது ஒருத்தனுக்கும் அளவா இருக்காது. மறுகா கோச்சி. நியூயோர்க் டவுன்ல பிறந்து வளந்தவன், மரம் எண்டா பார்க்ல மட்டும் கண்டவன், அவனை நாட்டுக்கு மற்றப் பக்கம் ஐடஹோ காட்டில கொண்டு போய் இறக்குவாங்க, ஏனெண்டா வேலையில்லாத சனம் கூட இருந்தது கிழக்கில, அரசாங்கக் காடு கூட இருந்தது மேற்கில. முதல் கிழமை இரவில அழுறது, வீட்டுக்கு ஓடுறது எல்லாம் சாதாரணம்.

ஒரு காம்ப்ல சுமார் 200 பேர். தொடக்கத்தில கூடாரம், மறுகா பலகைக் கொட்டில், ஒரு கொட்டிலுக்க நாப்பது அம்பது பேர், நடுவில விறகடுப்பு. விடிய 6 மணிக்கு எழுப்புவாங்க, கட்டில் விரிப்பு சுருக்கம் இல்லாம இழுத்துப் போடோணும், சாப்பாடு, கொடி, ஆள் கணக்கு, லொறி. பின்னேரம் 4 மணிக்கு திரும்பி வந்து குளிச்சு துப்பரவா உடுத்து திருப்பி கொடி இறக்கி, இராச்சாப்பாடு, மறுகா அவன்ட நேரம். 10 மணிக்கு லைட் ஓஃப். கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை, சனி ஞாயிறு லீவு, சனி பின்னேரம் லொறியில டவுனுக்கு ஏத்திப் போவாங்க படம் பாக்க, டவுன் பொட்டைகளோட டான்ஸ் ஆட, அதில உள்ளூர்ப் பொடியன்மாரோட அடிபாடும் நடக்கும்.

சம்பளம் மாசம் 30 டொலர். அதில 25 நேரா வீட்டுக்குப் போயிரும், பொடியன் கையில 5. இந்த 5ல தான் காம்ப் கடையில சிகரெட், இனிப்பு, சவர்க்காரம், டவுன் படம் எல்லாம். மூண்டு நேரமும் வயிறு நிறைய சாப்பாடு, இறைச்சி, பால், உருளைக்கிழங்கு, பாண். வீட்டில அரை வயிறா வந்தவங்க கொஞ்ச மாசத்திலயே நல்லா உடம்பு வைச்சாங்க, அதை அரசாங்கமே பெருமையா அறிக்கையில போட்டுக்கொண்டது.

ஓடிப் போனா? மறியல் இல்ல. அவங்க சிப்பாய் இல்ல, பொதுமக்கள். கூடிப் போனா சம்பளத்தில சின்ன வெட்டு, குசினி வேலை, அதுக்கு மேல வீட்டுக்கு அனுப்புறது. நிறையப் பேர் சொல்லாமக் கொள்ளாம போனாங்கதான்.

கல்லடியிலிருந்துகொலராடோ:

டீச்சர் அக்கா எழுதினதுக்குப் பிறகு எனக்கு எழுத ஒண்டும் மிச்சமில்ல, எண்டாலும் நான் டென்வர்ல கன வருசமா இருக்கிறபடியா ஒண்டு சொல்றன். இஞ்ச ரெட் ரொக்ஸ் எண்டு ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கு, ரெண்டு பக்கமும் சிவத்த மலைப்பாறை, நடுவில படிப்படியா இருக்கை, பாட்டுக் கச்சேரிக்கு ஒம்பதாயிரம் பேருக்கு மேல இருக்கலாம். அதை 1936ல தொடங்கி 1941ல முடிச்சது இந்தக் காம்ப் பொடியன்மார்தான். பிக்காசு, மண்வெட்டி, கொஞ்சம் வெடி, மற்றது கை. பக்கத்தில மொரிசன் எண்ட ஊர்ல அவங்க இருந்த கொட்டில் கொஞ்சம் இண்டைக்கும் அப்பிடியே நிக்குது. நான் ஊர்ல இருந்து அப்பா வந்த நேரம் கூட்டிப் போனனான், மனிசன் மேசன் வேலை செஞ்சவர், கச்சேரி மேடையைப் பாக்கவேயில்ல, படிக்கட்டு கல்லுப் பொருத்தையே தடவித் தடவிப் பாத்துக்கொண்டு இருந்தார், 'இது பழகின கைட வேலை இல்லடா, ஆனா பக்கத்தில பழகின ஒருத்தன் நிண்டு செய்விச்சிருக்கான்' எண்டார். அவர் சொன்னது சரிதான், ஒவ்வொரு காம்ப்லயும் அந்த ஊர் மேசன், தச்சன், மரம் வெட்டுறவன் எண்டு கொஞ்சப் பேரை தனிச் சம்பளத்துக்கு எடுத்து வைச்சிருந்தாங்க. முதலாவது, பொடியனுக்கு கோடாலி பிடிக்கவே தெரியாது, காலை வெட்டிக் கொள்ளுவான். ரெண்டாவது, வெளியூர்ப் பொடியன்மார் வந்து எங்கட வேலையைப் பறிக்கிறான் எண்டு உள்ளூர்ச் சனம் கொதிக்காம இருக்க அவங்கட ஆக்களுக்கும் சம்பளம் போகோணும். தம்பி உங்கட பிரேரணையில இதை மறக்காம போடுங்க, குளக்கட்டு வேலைக்கு பழைய வட்டவிதானை (குளத்துத் தண்ணி பாக்கிற ஆள்) ஒருத்தர், கல்லுக்கு ஒரு மேசன். பொடியன்மாரை மட்டும் விட்டா முதல் மாரியிலயே கட்டு கரைஞ்சு போயிரும்.

அக்கரைப்பற்றுகாக்கா:

நல்லாத்தான் எல்லாரும் பாட்டுப் பாடுறீங்க. நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறன், கோவிக்க வேணாம்.

சட்டத்தில நிறம் சாதி மதம் பாக்கப்படாது எண்டு ஒரு வரி இருந்தது, அதைப் போடுவிச்சது அப்ப அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ்ல இருந்த ஒரே கறுப்பினத்து ஆள், ஒஸ்கார் டி பிரீஸ்ட். வரி வரியாவே கிடந்தது. தென் மாநிலங்கள்ல கறுப்புப் பொடியன்மாரை எடுக்கவே மறுத்தாங்க, எடுத்த இடத்தில கலந்து வைச்ச காம்பையும் 1935ல ஃபெக்னர் பிரிச்சுப் போட்டவர், அதான் டீச்சர் சொன்ன அந்த தொழிற்சங்கத் தலைவர். கறுப்பர் காம்ப் எங்கட ஊருக்குக் கிட்ட வேணாம் எண்டு எத்தினையோ ஊர்ச் சனம் பெட்டிசம் போட்டது. ரெண்டு லட்சத்துக்கு மேல கறுப்புப் பொடியன்மார் வேலை செஞ்சும், பெரும்பாலும் மேல நிண்டு அதிகாரம் பண்ணினது வெள்ளைக்காரன். இதை எழுதிறது ஏனெண்டா நம்மட மாவட்டத்தில காம்ப் போட்டா யார்ட ஊர்ல போடுறது, யார்ட பொடியன்மார், குசினியில என்ன இறைச்சி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவீங்களா, இதெல்லாம் முதல் நாளே வரும். முன்னுரையில ரூஸ்வெல்ட் படத்தைப் போட்டா இது தீராது.

அடுத்தது, நான் சுனாமிக்குப் பிறகு 2005ல காசுக்கு வேலை எண்டு நடந்ததில கூலிக்கு நிண்டவன். கிணறு இறைச்சம், கல்லு மண் அள்ளினம், கரையில சவுக்கு நட்டம். நாட்கூலி, பின்னேரம் லைன்ல நிண்டு கையெழுத்து வைச்சு காசு. அந்த நேரம் அது பெரிய உதவி, இல்லெண்டு சொல்லல்ல, வீட்டில அடுப்பு எரிஞ்சது அதாலதான். ஆனா ஒரு இடத்தில வேலை முடிய அடுத்த இடத்துக்கு வேற நிறுவனம், வேற லிஸ்ட், வேற ரேட். யாரும் ஒரு தொழில் பழக்கல்ல. நான் மண்வெட்டியோட போய் மண்வெட்டியோட வந்தன். எனக்குத் தெரிஞ்ச பொடியன்மார் கொஞ்சப் பேர் கூலியை அண்டண்டே முடிச்சவங்க, எதில எண்டு சொல்லத் தேவையில்ல. அதால அந்த 25 டொலர் வீட்டுக்கு, 5 டொலர் கையில எண்ட ஏற்பாட்டை வாசிக்கேக்க எனக்கு பொறாமையா இருந்தது. மரம் நட்டது, மலை வெட்டினது எல்லாத்தையும் விடுங்க, அந்தத் திட்டம் நிண்டது அந்த 25ல எண்டுதான் நான் சொல்லுவன்.

படுவான்கரைப்பொடியன்:

டீச்சர், அண்ணன், காக்கா எல்லாருக்கும் நன்றி. காக்கா நீங்க சொன்ன குசினி விசயம் நாங்க யோசிக்கவே இல்ல, எங்கட பிரதேசத்துக்குள்ள மட்டும் எண்டு நினைச்சிருந்தம், ஆனா வேலை நடக்கிற குளத்துக்கு கீழ ரெண்டு சனத்துட வயலும் கிடக்கு.

சம்பளத்தைப் பற்றி கழகக் கூட்டத்தில நேத்து கதைச்சம், ஒரே சண்டை. பொடியன்மார் சொல்றாங்க வேலை செய்யிறவன் கையில காசு வரோணும், அம்மாட கணக்குக்குப் போறதெண்டா நாங்க என்ன ஸ்கூல் பிள்ளைகளா எண்டு. பின்னுக்கு இருந்த ஒரு அக்கா எழும்பி, என்ட மகன்ட நாட்கூலி தவறணையத் தாண்டி வீட்ட வந்து சேந்ததை ஒருக்கா எனக்கு காட்டு மனே எண்டு கேட்டா, எல்லாரும் சிரிப்பு. அமெரிக்காப் பொடியன்மார் இதுக்கு எதிர்ப்பு காட்டல்லையா? மற்றது எங்கட கழகத்தில வேலைக்கு வாறதெண்டா பொம்புளைப் புள்ளைகள்தான் கூட, பொடியன்மார் பாதிப்பேர் கட்டார் போக மெடிக்கல் எடுத்துப்போட்டு நிக்கிறாங்க. சிசிசியில பொம்புளைகள் இருந்தாங்களா?

வரலாறுடீச்சர்:

காக்கா எழுதினது எல்லாம் சரி, நான் முதல்லயே எழுதியிருக்க வேண்டிய விசயம்.

காசுக்கு முணுமுணுப்பு இல்லாம இருக்குமா, 5 டொலர்ல மாசக் கடைசியில ஒருத்தன்ட்ட ஒருத்தன் கடன் வாங்கிறது, சம்பள நாளில காம்ப் வாசல்லயே கடன்காரன் நிக்கிறது எல்லாம் நடந்தது. ஆனா சேரேக்கயே அந்தக் கையெழுத்தை வைச்சுத்தான் சேர்றான், 25 வீட்டுக்கு எண்டது நிபந்தனை, அது கையில வராத காசு, அதால அதுல உரிமை கொண்டாட அவனுக்குத் தோணயில்ல போல. வீட்டில அந்த 25 வந்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க: கடைக் கொப்பியில பழைய கணக்கு கொஞ்சம் வெட்டுப்படும், வீட்டு வாடகை, தம்பி தங்கச்சிக்கு சப்பாத்து. கடைக்காரனும் திருப்பி கடன் குடுப்பான், ஏனெண்டா அடுத்த மாசமும் செக் வரும் எண்டு அவனுக்குத் தெரியும். இஞ்ச நுண்கடன் கிழமைக் கட்டணத்துக்கு வாசல்ல ஆள் வந்து நிக்கிற வீட்டில, மாசா மாசம் தவறாம ஒரு தொகை வாறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு நான் உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. கடைசிக் காலத்தில அவங்களே கொஞ்சம் மாத்தி, ஒரு பங்கை பொடியன்ட பேர்ல சேமிச்சு வைச்சு விலகிப் போகேக்க குடுத்தாங்க. உங்கட சண்டைக்கு அது ஒரு நடுவழி, வீட்டுக்கு ஒரு பங்கு, கைக்கு ஒரு பங்கு, ஆறாம் மாசம் முடியேக்க ஒரு பங்கு. அப்ப இடையில ஓடுறதும் குறையும்.

பொம்புளைகள் விசயம் வயித்தெரிச்சல். சிசிசிக்குள்ள ஒரு பொம்புளைப் புள்ளையையும் எடுக்கல்ல. ரூஸ்வெல்ட்ட மனிசி எலினோர் விடாம நிண்டு பொம்புளைகளுக்கு எண்டு தனியா காம்ப் போடுவிச்சா, நியூயோர்க் மாநிலத்தில காம்ப் டெரா முதலாவது, 1933. பேப்பர்க்காரர் சீ-சீ-சீ எண்டதை ஷீ-ஷீ-ஷீ எண்டு நக்கலடிச்சு எழுதினாங்க. மொத்தமா சுமார் 8,500 பேர்தான் அதில இருந்தவங்க, 1937ல மூடியாச்சு. பொடியனுக்கு மாசம் 30, இவங்களுக்கு கிழமைக்கு கைச்செலவு எண்டு அரை டொலர். அந்தப் பக்கம் பாத்து எழுதாதீங்க தம்பி, பொம்புளைகளுக்கும் அதே வேலை அதே சம்பளம் எண்டு எழுதுங்க, தங்குற இடம்தான் பிரச்சினை எண்டா வீட்டில இருந்து வந்து போகட்டும். அமெரிக்காவில பழங்குடி மக்களுக்கு எண்டு இருந்த பிரிவில அப்பிடித்தான், நிறையப் பேர் குடும்பத்தோட இருந்து தங்கட சொந்த நிலத்திலயே வேலை செஞ்சாங்க, கல்யாணம் கட்டினவங்களையும் எடுத்தாங்க. உங்களுக்குப் பொருத்தம் அதுதான் எண்டு நினைக்கிறன்.

மஞ்சந்தொடுவாய்மகள்:

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும், நான் கண்ணா பற்றி மட்டும் சொல்லிட்டுப் போறன், ஏனெண்டா அதில கொஞ்சக் காலம் வேலை செஞ்சனான். சுனாமிக்குப் பிறகு எத்தின பேர் வந்து வாவியில கண்ணா நட்டாங்க, பனர் கட்டினாங்க, படம் எடுத்தாங்க, அடுத்த வருசம் போய்ப் பாத்தா கம்பு மட்டும் நிக்குது. ஏன்? லேசா நடலாம் எண்டு நீளக் காய் உள்ள இனத்தை மட்டும் எடுத்து, எப்பவும் தண்ணி நிக்கிற இடத்தில குத்திட்டுப் போனது. கண்ணாவுக்கு தண்ணி ஏறி இறங்கோணும், எப்பவும் மூழ்கிக் கிடந்தா வேர் மூச்சு விடாது. முகத்துவாரம் திறக்கிற நேரம், மூடுற நேரம் வாவித் தண்ணி எந்த மட்டத்தில நிக்கும் எண்டு அந்தக் கரையில தோணி வைச்சிருக்கிற மீன்காரர்ட்ட கேட்டாலே இடத்தைக் காட்டுவாங்க. மற்றது மாடு. வேலி இல்லாம நட்டா மாட்டுக்கு நட்டதுதான்.

அமெரிக்காக்காரர் 300 கோடி மரம் நட்டாங்க எண்டு சொல்றாங்களே, அதுக்குப் பின்னால நாற்றுமேடை இருந்தது. கன்றை வளக்கிறதே ஒரு காம்ப் வேலை. நடேக்க சோடி சோடியா போவாங்க, ஒருத்தன் மண்ணைக் கொத்தித் திறப்பான், மற்றவன் வேர் மடங்காம கன்றை இறக்கி காலால மிதிச்சு இறுக்குவான், வரிசையா அடுத்த அடி. வேர் மடங்கினா அந்தக் கன்று ரெண்டு மூண்டு வருசம் நிண்டுட்டு சாகும், அதால பின்னால ஒரு ஆள் வந்து இழுத்துப் பாப்பான், லேசா வந்தா திருப்பி நடு. உங்கட பிரேரணையில எத்தின கன்று நடுவம் எண்டு எழுதாம, ரெண்டாம் வருசம் எத்தின கன்று உயிரோட நிக்கோணும் எண்டு எழுதுங்க. அதுக்கு காவலுக்கும் சம்பளம் கேளுங்க.

அக்கரைப்பற்றுகாக்கா:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. மாடு மட்டுமில்ல, படுவான்கரைப் பக்கம் காட்டோரம் வேலை எண்டா யானையும் இருக்கு. அதையும் சேத்து ஒரு விசயம், காப்புறுதி. சிசிசியில காட்டுத்தீ அணைக்கிற வேலைக்கும் பொடியன்மாரைத்தான் விட்டது. 1937 ஓகஸ்ட்ல வயோமிங்ல பிளக்வோட்டர் எண்ட இடத்தில காத்து திடீரெண்டு திரும்பி நெருப்பு சுத்தி வளைச்சு 15 பேர் செத்தாங்க, கனபேர் டெக்சாஸ்ல இருந்து வந்த காம்ப் பொடியன்மார். அதுக்குப் பிறகுதான் தீ அணைக்கிறதுக்கு எண்டு தனியா பழக்கின, பாரசூட்ல இறங்கிற ஆக்களை வைக்கிற யோசனைக்கு வேகம் வந்தது. உங்கட ஆறு மாசத்தில பாம்பு கடிச்சாலும் யார் பொறுப்பு எண்டு எழுத்தில இல்லாட்டி நான் என்ட மகனை அனுப்ப மாட்டன்.

கல்லடியிலிருந்துகொலராடோ:

இரவு வகுப்பை ஒருத்தரும் சொல்லல்ல. 1934ல இருந்து காம்ப்புக்கு ஒரு கல்வி ஆலோசகர் இருந்தவர், வேலை முடிஞ்சு வந்து விரும்பினா எழுத வாசிக்க, தட்டச்சு, மோட்டர் மெக்கானிக், கணக்கு எல்லாம் பழகலாம். 40,000 பேருக்கு மேல அங்கதான் எழுத வாசிக்கப் பழகினாங்க எண்டு கணக்கு. விலகேக்க ஒரு சான்றிதழ் குடுப்பாங்க, இவன் என்னென்ன வேலை பழகினவன், நடத்தை எப்பிடி எண்டு. அதைக் கொண்டு போய் வேலை கேக்கலாம். ஒருத்தன் ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சு கூடினது ரெண்டு வருசம் வரைக்கும் இருக்கலாம், நடுவில வெளியில வேலை கிடைச்சா போக விட்டாங்க, அது தோல்வியா கணக்கில்ல. 1942ல யுத்தத்துக்கு எல்லாரும் போக வேண்டி வந்து காங்கிரஸ் காசை நிப்பாட்ட முடிஞ்சது கதை, அப்ப போன பொடியன்மாருக்கு கொட்டில் வாழ்க்கை, கூட்டமாத் திண்டு கூட்டமா வேலை செய்யிறது எல்லாம் ஏற்கனவே பழக்கம்.

படுவான்கரைப்பொடியன்:

சரி, எனக்குப் போதும் போதும் எண்டளவுக்கு கிடைச்சிட்டு. முன்னுரையில இருந்து ரூஸ்வெல்டை எடுத்துட்டன், சேர் கொஞ்சம் முகத்தை சுழிச்சார். சம்பளம் மூண்டு பங்கு, வீட்டில இருந்து வந்து போறது, பொம்புளைகளுக்கும் அதே நாட்சம்பளம், ஒரு மேசன் ஒரு வட்டவிதானை, காப்புறுதி, ரெண்டாம் வருசக் கன்றுக் கணக்கு எல்லாம் போட்டாச்சு. இரவு வகுப்புக்கு பதிலா சனிக்கிழமை தொழில்பயிற்சி ஆக்கள் வந்து வெல்டிங், வயரிங் பழக்கலாமா எண்டு கேட்டிருக்கம். இப்ப இருக்கிற ஒரே பிரச்சினை எந்த மாசம் தொடங்கிறது எண்டது, கழகத்தில ஐப்பசி எண்டு சொல்றாங்க.

மஞ்சந்தொடுவாய்மகள்:

ஐப்பசியில குளக்கட்டுல மண் போட்டா கார்த்திகை வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிரும் தம்பி. கட்டு வேலை எல்லாம் சித்திரைக்குப் பிறகு வெயில் காலத்தில முடியுங்க, தண்ணி வத்தின நேரம்தான் துருசும் (மதகு) பாக்கலாம். கண்ணா நாற்றுமேடைக்கு இப்பவே பை வாங்கி மண் நிரப்பத் தொடங்கலாம், காய் விழுற நேரம் மீன்காரப் பொம்புளைகள் பொறுக்கித் தருவாங்க, அதுக்கும் ஒரு கூலி வைச்சு எழுதுங்க.

அக்கரைப்பற்றுகாக்கா:

பெரும்போக அறுவடை நேரம் ஒருத்தனும் வர மாட்டான், மாசி பங்குனியை விட்டுட்டு எழுதுங்க. லிஸ்ட் போடேக்க எங்கட பக்கமும் ஒரு ஆளைக் கூப்பிடுங்க, நான் வாறன்.